மகள் கேட்காத ஜெபங்கள்

போன ஜூன் மாதத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பது. அதுவும் மலேசியாவில், ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு. இங்கே சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள்தான். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். நான் பார்த்தது நம் கடலும் இல்லை. உலகத்தின் அந்தப் பக்கம், அமெரிக்காவின் தெற்குக் கரையில் இருக்கிற வளைகுடா.

அங்கேதான் என் மகள் மெர்சி இருக்கிறாள். கரையோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் தாதி வேலை. எனக்கு அவள் ஒருத்திதான். என் மனைவி கிரேஸ் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லும்படி போதகர் சொன்னார். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. பெயர் பாக்கியநாதன். பின் வரிசையில், சத்தம் போடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே, யாரிடமும் கை குலுக்காமல் எழுந்து போகிற கிழவன் என்றால் தெரிந்துவிடும்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்கிற ஆலையில் இருபத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். தொட்டித் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலும் ஐஸ் நேரத்துக்கு இறுகாது. படகுக்காரர்கள் கரையில் நின்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அதனால் ஒரு டிகிரி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போனில் அந்தக் கடலின் சூட்டைக் காட்டுகிற படம் ஒன்று உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டிருப்பார்கள். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். ஜூன் மாதத்திலேயே வளைகுடா முழுக்கப் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுப்பு அப்படி எரிந்தால் உலை கொதிக்கத்தானே செய்யும். சூடான கடல் மேல் வருகிற புயல் ஒரே நாளில் ஊதிப் பெருத்துவிடும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

என் தனிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு முறை சோறு வடித்தால் இரண்டு நாளைக்கு வரும். வீட்டில் சத்தம் வேண்டுமென்று தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்ன் அடித்தால் ஓடிப்போய் ஒரு ரொட்டி வாங்குவேன். இரண்டு வார்த்தை பேசலாமே என்றுதான். அவரும், "அங்கிள், நேத்து வாங்குனதே முடிஞ்சிருக்காதே லா" என்பார். முடிந்திருக்காது. பூஞ்சை பிடித்து எறிவேன்.

மெர்சியோடும் எனக்குச் சரியான பேச்சு இல்லை. அவள் அம்மா போன மறு வருஷமே வேலை கிடைத்து அமெரிக்காவுக்குக் கிளம்பினாள். வழியனுப்பப் போன விமான நிலையத்தில் எல்லாருக்கும் முன்னால் நான் சொன்னேன்: "போறவ போ. அப்பா செத்தா யாராவது சொல்லி அனுப்புவாங்க." அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வாயைத் தைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரிப்பா, வைக்கிறேன்." அவ்வளவுதான். நானும், "ம்" என்பேன்.

போன வருஷத்துப் புயல் மாதங்களில் ஒரு புயல் அவள் ஊர்ப்பக்கம் திரும்புகிறது என்று கூப்பிட்டு அலறினேன். பாவம், பேச்சைக் கேட்டாள். ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி உள்நாட்டுக்குப் போய் மூன்று நாள் ஒரு விடுதியில் கிடந்தாள். புயல் வேறெங்கோ போனது. அவள் ஊரில் ஓர் இலைகூட அசையவில்லை. மறு மாதமே இன்னொன்று. மறுபடியும் அலறினேன், மறுபடியும் போனாள், மறுபடியும் ஒன்றும் இல்லை. வேலையிடத்தில் அவளுக்குக் கெட்ட பெயர். மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்ததும், "அப்பா, போதும். இனிமே இதைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டாள். புலி வருது புலி வருது என்று கத்தினவன் கதை எனக்கு நடந்தது.

பேசக் கூடாது என்றுதானே சொன்னாள், ஜெபிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. இந்த வருஷம் ஜூலை மாதத்திலிருந்து என் ஜெபத்தைப் போனில் குரலாகப் பதிவு செய்து அவளுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்து ஜெபம் சத்தமான ஜெபம். மெதுவாக ஜெபித்தால் என் அப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அதே சத்தத்தில் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் ஜெபிப்பேன். "ஆண்டவரே, என் மகள் மெர்சியை அந்தக் கடலோரத்திலிருந்து நகர்த்தும். பெரியவர்கள் சொல் கேட்கிற இருதயத்தை அவளுக்குத் தாரும். அவள் பிடிவாதத்தை உடைத்துப் போடும்." தினம் ஒன்று. சில நாள் இரண்டு. ஆண்டவரிடம் பேசுகிற சாக்கில் மகளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெரிய ஜெபவீரன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவளிடமிருந்து பதில் ஒன்றும் வராது. கேட்டு மனம் மாறுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

செப்டம்பரில் அது வந்தது. அந்தப் புயலுக்கு ஒரு பெண் பெயரை வைத்திருந்தார்கள்; அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை வெறும் காற்றுச் சுழிதான். வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன், சிவப்புத் தண்ணீர் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு மடங்காகிவிட்டது. அம்புக்குறி நேராக மெர்சியின் ஊரைக் காட்டியது. உடனே அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"அப்பா, நான் எங்கயும் போகல. இல்லத்துல இருந்தவங்கள பஸ்ல ஏத்தி உள்ளுக்குக் கொண்டு போயிட்டாங்க. எனக்கு லீவு. ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு, தண்ணி வாங்கி வச்சாச்சு. போன வருஷம் ரெண்டு தடவ ஓடுனது போதும். நான் தூங்கணும்."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினோரு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவள் வாடகை வீடு கீழ்த்தளம். முன்வாசலில் நின்றால் கடலோடு சேருகிற ஓடை தெரியும். அங்கே தண்ணீர் ஏறினால் போக வழி கிடையாது. சும்மா சும்மா அவளை ஓட வைத்த என் பயம்தான் இன்றைக்கு அவளை அந்த வீட்டிலேயே கட்டிப் போட்டிருக்கிறது என்று புரிந்தபோது, நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெத்த மனம் பித்து என்பார்கள். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பித்துப் பிடித்ததுபோல்தான் இருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர்கூட இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டிய பழைய தோட்டத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றில், சபைத் தங்கச்சி எஸ்தர் வீட்டில், காலை பத்து மணிக்கு உபவாச ஜெபம் நடக்கும். எஸ்தரைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர், குரல் கொஞ்சம் பெரிசு. அது என் மனைவி போய்க்கொண்டிருந்த கூட்டம். அவள் போன பிறகு எஸ்தர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் போனதில்லை. அன்றைக்கு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். ஏழு பெண்கள், ஒரே ஆம்பளை நான். கதவோரமாகப் பாயில் உட்கார்ந்துகொண்டேன். கிரேஸ் உட்காருகிற இடம் எது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் சத்தமாக ஜெபித்தார்கள். புயலே திரும்பிப் போ என்று நானும் கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

ஜெபம் முடிந்ததும் எஸ்தர் கேட்டார், "மெர்சி என்ன சொல்றா அண்ணே?"

"என்ன சொல்றா. ரெண்டு மாசமா தினம் ஜெபம் அனுப்புறேன். ஒரு பதில் இல்ல."

"எங்க, குடுங்க பாப்போம்."

போனை வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனார். அவர் முகம் மாறியது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இந்த மைக் படம் இருக்கு பாருங்க. அவங்க கேட்டா இது நீலமா மாறிடும். உங்களது எல்லாம் சாம்பல் கலர்லயே இருக்கு."

எனக்குப் புரியவில்லை. "அப்படின்னா?"

"அவ கேக்கல அண்ணே. ஒன்னுகூட."

வாங்கிப் பார்த்தேன். சாம்பல், சாம்பல், சாம்பல். விரலால் தள்ளத் தள்ள மேலே போய்க்கொண்டே இருந்தது. ஆகஸ்ட், ஜூலை. இரண்டு மாதம் நான் அந்த வீட்டில் தனியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என் குரலை இந்த உலகத்தில் ஓர் ஆள்கூடக் கேட்கவில்லை. மனைவியைப் புதைத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு தனியாக இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

எஸ்தர் அதில் ஒன்றைத் தட்டினார். என் ஜெபம் கூடம் முழுக்கக் கேட்டது. 'அவள் பிடிவாதத்தை உடைத்துப் போடும்.' பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல் பாயைப் பார்த்தார்கள். கால்வாசி ஓடியதும் எஸ்தர் நிறுத்திவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. பிள்ளைகிட்ட சொல்ல வேண்டியத ஆண்டவர்கிட்ட சொல்றீங்க. ஆண்டவர்கிட்ட சொல்ல வேண்டியத பிள்ளைக்கு அனுப்புறீங்க. இதுல யாரு கேப்பா?"

கோபித்துக்கொண்டேன். ஏன் பொய் சொல்வது. கேண்டீனில் மீஹூன் பிரட்டுகிற பெண் எனக்கு ஜெபம் சொல்லித்தருகிறாளா என்று விருட்டென்று எழுந்து வெளியே வந்தேன். மோட்டாரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், வண்டியை முடுக்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. அறுபத்தாறு வயது ஆள், பட்டப்பகலில், தெருவில் மோட்டார் மேல் உட்கார்ந்து அழுதேன்.

அங்கேயே ஜெபித்தேன். சத்தமே வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு என் பிள்ளையோட பேசத் தெரியல. வாயைத் திறந்து குடும்." அவ்வளவுதான் சொன்னேன். நான் செய்த ஜெபத்திலேயே சின்னது அதுதான்.

பிறகு போனை எடுத்துப் பேசினேன். இதில் ஆண்டவருக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

"மெர்சி, அப்பாதான். எனக்குப் பயமா இருக்கும்மா. உன்ன விட்டா எனக்கு யாரும் இல்ல. இப்பவே கிளம்பும்மா."

ஒன்பது விநாடி. அனுப்பிவிட்டு அந்த மைக் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலாகவே இருந்தது. அவளுக்கும் எனக்கும் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். எனக்கு மதியம் நெருங்குகிறது என்றால் அவள் படுக்கப் போகிற நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. எஸ்தர் வெளியே வந்து ஒரு குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீலமானது.

நான் மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது.

"அப்பா? என்னப்பா ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒன்னும் இல்லம்மா."

"ஒன்பது செகண்ட்னு பாத்ததும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. நீங்க எப்பவும் ஏழு நிமிஷம் பேசுவீங்க. ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

என் வாய் திறந்தது. "அன்னைக்கு ஏர்போர்ட்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீ போறத என்னால தாங்க முடியல. அதச் சொல்லத் தெரியாம வேற எதையோ சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நான் போயி, இதுவும் வராம போச்சுன்னா?"

"என்னத் திட்டு. தினமும் போன் பண்ணித் திட்டு. நான் கேட்டுக்கிறேன் லா."

சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரத்தில் வண்டியில் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதவையும் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். அவர், எத்தனை புயலைப் பார்த்தவன் நான், நீ போ என்று அனுப்பிவிட்டார்.

புயல் திரும்பவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் ஜெபத்தால் புயல் விலகியது என்று சபையில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். விலகவில்லை. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தில் அது அவள் ஊர் மேலேயே நேராக ஏறியது. நான் பின் வரிசையில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்நாட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்பதாகக் கடைசியாக எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு தொடர்பே இல்லை. ஞாயிறு முழுக்க இல்லை. எஸ்தர் ரசமும் சோறும் கொடுத்து அனுப்பியிருந்தார், இறங்கவில்லை. திங்கட்கிழமை ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்தபோதுகூட எழுந்து போகவில்லை. அந்த இரண்டு நாளில் நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன், கெஞ்சினேன், கடைசியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னோடு உட்கார்ந்திருந்தார் என்றுதான் நம்புகிறேன். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, இப்போது நம்புகிறேன்.

திங்கள் சாயங்காலம் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, நான்தான். நல்லா இருக்கேன். இங்க லைன் எல்லாம் போயிடுச்சு, வேற ஒருத்தவங்க போன்ல பேசுறேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க இன்னும் நாலு நாள் ஆனது. அங்கிருந்து கூப்பிட்டாள். தண்ணீர் ஏறி நின்ற கோடு சுவரில் அவள் தோளுக்கு மேல் இருக்கிறதாம். கட்டில் மிதந்து போய்க் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். "அந்த நேரம் நான் அதுலதான்ப்பா தூங்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தப்பவில்லை. அவருக்கும் எங்கேயோ ஒரு மகனோ மகளோ இருந்திருப்பார்கள், ஜெபித்திருப்பார்கள். அதற்கு ஏன் பதில் வரவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெரியவர் குடும்பத்துக்காகத் தினம் ஜெபிக்கிறேன், அவ்வளவுதான் செய்ய முடிகிறது.

என் மகளை ஆண்டவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். புயலிலிருந்து மட்டும் சொல்லவில்லை. இப்போது அவள் தினம் கூப்பிடுகிறாள். என்ன சமைத்தேன் என்று நான் சொல்கிறேன், எந்தக் கிழவி இல்லத்தில் சண்டை போட்டாள் என்று அவள் சொல்கிறாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகிறேன். எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஆமா, நல்லா கோவிச்சுக்கிட்டீங்க" என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷமும் புயல் வரும், எனக்கும் பயம் வரும். அந்த ஊரிலேயே மேல்மாடி வீடு பார்த்திருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் துடித்தது.

வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்கு, அந்தச் சேறு படிந்த இடத்தில் நின்றுகொண்டு, அவள் ஒன்று கேட்டாள். "அப்பா, ஒரு ஜெபம் பண்ணுங்கப்பா. நான் லைன்லயே இருக்கேன்."

இரண்டு மாதம் எட்டு எட்டு நிமிஷம் முழங்கினவனுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது. "நன்றி ஆண்டவரே" என்றேன். அந்தப் பக்கம் அவள், "ஆமென்" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதுகொண்டிருந்தோம்.

உங்களில் யாருக்காவது பிள்ளையோடோ, அப்பா அம்மாவோடோ, கூடப் பிறந்தவர்களோடோ பேச்சு நின்று போயிருந்தால் இந்தக் கிழவன் கெஞ்சிக் கேட்கிறேன். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். கேட்டு முடித்ததும் ஆமென் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடாதீர்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.